சார்ஜரை யார் மாட்டுவது: ஷோரூம் ஆளா, வீட்டு எலெக்ட்ரீஷியனா?

கோவைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால் வீட்டுக் காரியங்களை முடிவு செய்வது இவரும் எழுபதைக் கடந்த மாமனாரும்தான். 2004-ல் கட்டிய சொந்த வீடு. மின்சாரக் கார் பதிவு செய்திருக்கிறார்கள், அடுத்த மாதம் கைக்கு வருகிறது. "வண்டியைத் தேர்ந்தெடுக்கக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை, சார்ஜர் மாட்ட ஆள் பிடிப்பதற்குள் மண்டை காய்கிறது" என்கிறார்.

மீட்டர் வீட்டின் முன்பக்கம் இருக்கிறது. கார் நிற்கப்போவது பின்பக்க ஷெட்டில். சுவரோரமாக வயர் இழுத்தால் 30 மீட்டர் வரும். மும்முனை இணைப்பு, அனுமதிக்கப்பட்ட மின்பளு 5 கிலோவாட். மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி மீட்டர். 7.2 கிலோவாட் சார்ஜரை கார் நிறுவனமே வண்டியோடு தருகிறது.

மாட்டுவதற்கு மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். ஷோரூம் கைகாட்டிய ஏஜென்சி வீட்டுக்கு வராமலே போனில் 24,000 ரூபாய் என்றது: முதல் 10 மீட்டர் வயர் இலவசம், மிச்சத்துக்கு மீட்டர் கணக்கு. வீடு கட்டிய நாளிலிருந்து வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன், ஷெட்டை ஒட்டிப் போகும் போர் மோட்டார் லைனிலிருந்து எடுத்து 9,000-க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மூன்றாமவர், உடன் பணிபுரியும் ஆசிரியர் சொல்லி வந்த லைசென்ஸ் ஒப்பந்தக்காரர். ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புது எர்த் குழி உட்பட 41,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஈபியில் மின்பளுவைக் கூட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

"ஒரு பிளக் பாயிண்ட் போட 41,000-ஆ என்று மாமனார் கேட்கிறார். கம்பெனி ஆளை விட்டு வேறு ஆளை வைத்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள் ஷோரூமில். இருபது வருடமாக எங்கள் வீட்டைப் பார்க்கிற அண்ணனை ஒதுக்கினால் அவர் மனசு கஷ்டப்படும். லைசென்ஸ் சட்டப்படி தேவையா, இல்லை ரேட்டைக் கூட்டச் சொல்கிற பேச்சா?" என்பவை இவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி: "மழை நாளில் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததால் அண்ணன் இரண்டு வருடம் முன்பு அதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிட்டார். அப்புறம் பிரச்சினை இல்லை."

முதலில் அந்த ஆர்சிசிபி

நீங்கள் கேட்காமல் விட்ட அந்த விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. கார் வருகிறதோ இல்லையோ, யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே அந்த ஆர்சிசிபியை மீண்டும் இணைப்பில் கொண்டுவர வேண்டும். பிரச்சினை தீரவில்லை. பிரச்சினை இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்த கருவியைத்தான் கழற்றியிருக்கிறீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் எர்த் குழியின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடமாக யாரும் தண்ணீர் ஊற்றாத குழிக்கு அது நல்ல அளவுதான். சார்ஜரிலோ வண்டியிலோ ஃபேஸ் வயர் உலோக உடலைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டை 5-ஆல் வகுக்க, ஏறக்குறைய 46 ஆம்பியர் எர்த் வழியாக மண்ணுக்குள் போகும். சார்ஜருக்குப் போடும் 40 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இந்த 46-ஐ ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளாது. வீடுகளில் போடுகிற சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 200 முதல் 400 ஆம்பியர் ஓட வேண்டும். அதனால் எம்சிபி நிமிர்ந்தே நிற்கும், வண்டியின் உடலில் மின்சாரமும் நிற்கும். மழையில் நனைந்த செருப்போடு கதவைத் திறக்கப் போகிறவர் நீங்களாக இருக்கலாம், குழந்தையாக இருக்கலாம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அரை நொடிகூட ஆகாமல் லைன் துண்டிக்கப்படும். மின்வாகன சார்ஜிங்குக்கென்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் 2019-ல் தனிப் பகுதி சேர்த்தபோது, 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாத கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது இதனால்தான்.

மழை நாளில் விழுந்தது என்றால் எங்கோ ஈரம் இறங்குகிறது. கேட் விளக்கு, வெளிச்சுவர் பிளக், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஈபி லைனின் நியூட்ரலும் ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு லைனாகக் கழற்றி, இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியால் அளந்தால் அரை நாளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். அந்த அரை நாள் வேலையைச் செய்ய யார் முன்வருகிறார் என்பதே உங்களுக்கு ஒரு நல்ல அடையாளம்.

எந்த லைசென்ஸ்?

சட்டப்படி தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவைதான். பல்ப், ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது மாதிரியான, இணைப்பின் கொள்ளளவையோ தன்மையையோ மாற்றாத வேலைகளுக்கு மட்டுமே மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறை விலக்கு தருகிறது. மற்றபடி புதிதாகச் சேர்ப்பதோ மாற்றுவதோ எதுவானாலும், மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் இழுக்கும் 32 ஆம்பியருக்கென்று தனி லைன் ஒன்றைப் போடுவது இந்த விலக்குக்குள் எந்த வகையிலும் வராது. உங்கள் மாமனார் சொல்வது போல இது ஒரு பிளக் பாயிண்ட் போடுகிற வேலை கிடையாது என்பதை அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கீசர் இருபது நிமிடம் ஓடி நின்றுவிடும். இந்தச் சார்ஜர் கீசரைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை, காலியான பேட்டரி என்றால் நான்கைந்து மணி நேரம், எல்லோரும் தூங்கும் நேரத்தில், நிறுத்தாமல் இழுக்கும்.

தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்தக்காரருக்கான உரிமம் ஒன்று. அதன் கீழ் வேலை செய்பவர்களுக்கு மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாள் உதவியாளர் என்று தனித்தனித் தகுதிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் சி லைசென்ஸ், பி லைசென்ஸ், எச் லைசென்ஸ் என்பார்கள். ஐடிஐ படித்த சான்றிதழ் படிப்புக்கான சான்று. சார்ஜர் கம்பெனி கொடுக்கும் பயிற்சிச் சான்றிதழ் அந்தப் பெட்டியைத் தெரியும் என்பதற்கான சான்று. இரண்டும் நல்லவையே, ஆனால் இரண்டுமே ஒப்பந்தக்காரர் உரிமம் ஆகாது.

உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். உரிமத்தில் இருக்கும் பெயரும் உங்களுக்குத் தரப்போகும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், முறையாகத் தொழில் செய்பவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கையெழுத்துக்கு மட்டும் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, வேலை நடக்கும் இடத்துக்கே வராதவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதனால் "வேலை நடக்கும்போது மேற்பார்வைக்கு யார் வருவார், அவர் பெயர் என்ன" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஷோரூம் அனுப்புகிற ஆள்

ஷோரூமிலிருந்து வருகிறார் என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கார் நிறுவனம் சார்ஜர் மாட்டும் வேலையைப் பெரும்பாலும் ஓர் ஏஜென்சியிடம் விடும். ஏஜென்சி உங்கள் ஊரில் இருக்கும் ஒருவரிடம் விடும். கடைசியில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் திறமைசாலியாகவும் இருக்கலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். சட்டையில் இருக்கும் கம்பெனி பெயரை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. உங்கள் விஷயத்தில் என்னைத் தயங்க வைப்பது அவர்கள் சொன்ன தொகை கிடையாது. வீட்டைப் பார்க்காமலே தொகை சொன்னதுதான். எர்த் எப்படி இருக்கிறது, மீட்டர் பலகையில் இடம் இருக்கிறதா, ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று எதுவும் தெரியாமல் வயர் நீளத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

வாரண்டி பற்றிய பயத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சார்ஜர் பெட்டிக்கு வாரண்டி தருவது அதைத் தயாரித்தவர். அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டி, இயக்கிக் காட்டி, பதிவு செய்வது அவர்களுடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மீட்டரிலிருந்து ஷெட் வரை போகும் 30 மீட்டர் லைன் உங்கள் வீட்டு வயரிங். வாரண்டி அட்டையையோ கையேட்டையோ வாங்கிப் படியுங்கள். "நான் ஏற்பாடு செய்யும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் சார்ஜருக்கு முன்னால் வரும் ஐசொலேட்டர் சுவிட்ச் வரை லைன் போட்டுத் தந்தால், நீங்கள் பெட்டியை மாட்டி இயக்கித் தருவீர்களா, அப்போது வாரண்டி இருக்குமா" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் போனிலேயே பதில் வரும், அதனால் பிரயோசனமில்லை. இப்படி லைன் ஒருவர், பெட்டி ஒருவர் என்று பிரித்துக்கொள்வது நடைமுறையில் இருக்கிற வழிதான். உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஏஜென்சியின் 24,000-ல் பெரும்பங்கு வயர் கூலியாக இருக்கும் என்பதால் அந்தத் தொகையும் குறையும்.

மோட்டார் லைனிலிருந்து எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சார்ஜிங் பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் தனி லைன், தனிப் பாதுகாப்பு என்பது விதி. அதைவிட, கணக்கே ஒத்துவராது. வீட்டு மோட்டாருக்கு வழக்கமாகப் போடுவது 2.5 ஸ்கொயர் எம்எம் வயர். 30 மீட்டர் போய்த் திரும்ப 60 மீட்டர் செம்பு, தடை அரை ஓமுக்குச் சற்றுக் குறைவு. அதில் 32 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 15 வோல்ட் காணாமல் போகும். ஏறக்குறைய 490 வாட் வெப்பம் சுவருக்குள் இருக்கும் பைப்பில் இறங்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் வயரின் மேலுறை காய்ந்து இறுகத் தொடங்கும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் அதே தூரத்துக்கு 6 வோல்ட்டும் 200 வாட்டும். 10 ஸ்கொயர் எம்எம் என்றால் 4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 6 ஸ்கொயர் எம்எம் தவறில்லை. ஆனால் உங்கள் தூரத்துக்கும், வெயில் படும் சுவரில் பைப் போவதற்கும், மூன்றாமவர் 10 போடச் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. அவர் தொகை கூடியதற்குச் செம்பின் விலை ஒரு காரணம், எர்த் குழி இன்னொரு காரணம்.

மூன்று பேரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. பதில் உங்களுக்கு முழுதாகப் புரிய வேண்டும் என்றுகூட இல்லை. கேட்டவுடன் அவர் கருவியை எடுக்கிறாரா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறாரா என்பதைக் கவனித்தால் போதும்.

எர்த் தடை எத்தனை ஓம்? இதற்கு அளந்து பார்த்த ஓர் எண்தான் பதில். டெஸ்டரை வைத்து பல்ப் எரிகிறது என்று காட்டுவது அளவீடு ஆகாது. எர்த் பின்னில் ஒரு வயர் வருகிறது என்பதால் அதன் மறுமுனை மண்ணுக்குள் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தமும் இல்லை. பழைய வீடுகளில் குழியின் மேல் டைல்ஸ் போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்சிசிபி எந்த வகை போடுவீர்கள்? வீடுகளில் பழக்கமாக இருப்பது ஏசி வகை. மின்வாகனத்தின் மின்னணுச் சுற்றிலிருந்து டிசி கசிவு வந்தால் ஏசி வகை ஆர்சிசிபி மரத்துப்போய்விடும், ஆபத்து வரும்போது விழாது. குறைந்தது ஏ வகை வேண்டும். 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி உங்கள் சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும், அதன் விலை மிகவும் அதிகம். ஆகவே சார்ஜர் கையேட்டைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "கையேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்பவர் விஷயம் தெரிந்தவர்.

எந்த ஃபேஸில் போடுவீர்கள்? மும்முனை இணைப்பு இருந்தாலும் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் உட்காரும். நம் ஊர் வீடுகளில், ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்ற ஃபேஸ் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒரு நாள் ராத்திரி ஒரு ஃபேஸ் போய்விடும். மாமனார் வழக்கம் போலச் சுவிட்சைத் திருப்புவார். ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் அதே ஃபேஸில் வந்து உட்காரும். மீட்டர் பக்கத்து ஃப்யூஸ் கட்டை உருகுவது இப்படித்தான். நல்ல ஒப்பந்தக்காரர் இந்தச் சுவிட்சைப் பார்த்ததுமே இதைப் பற்றிப் பேசுவார். சில சார்ஜர்களில் வீட்டின் மொத்த இழுப்பைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் என்ன சோதனை செய்வீர்கள்? மெகரால் இன்சுலேஷன் அளவு, எர்த் தடை, ஆர்சிசிபியைக் கருவி வைத்து விழவைத்து எடுத்த நேரம். இந்த மூன்றும் ஒரு தாளில் எழுதி, உரிம எண்ணோடு கையெழுத்திட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். கூடவே, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு எம்சிபி, ஐசொலேட்டர் முனைகள் சுடுகின்றனவா என்று அவர் இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. முனையில் ஸ்க்ரூ அரைச் சுற்றுத் தளர்வாக இருந்தால் அங்கேதான் கருகத் தொடங்கும். ஒரு மாதம் கழித்து வந்து எல்லா முனைகளையும் மறுபடி முறுக்கித் தர வேண்டும் என்பதையும் விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் அவரைப் பற்றிக் கவலைப்பட்ட இடம். இருபது வருடம் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தவரை ஒரு நாளில் ஓரம்கட்ட மனசு வராதுதான். ஆனால் அவருடைய நேர்மையையும் இந்த வேலைக்கான தகுதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் தொழில் பழகிய காலத்தில் இரவு முழுக்க 32 ஆம்பியர் இழுக்கும் பொருள் எந்த வீட்டிலும் இருந்ததில்லை.

அவரிடம் மின்கம்பியாளர் சான்றிதழோ உதவியாளர் சான்றிதழோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையில் அவரும் கூட வேலை செய்யலாம். பைப் அடிப்பது, வயர் இழுப்பது, குழி தோண்டுவது எல்லாம் அவர் கை வேலையாகவே இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவருக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்பது அவரைவிட யாருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரருக்கும் அது லாபம்தான். "ஈபிக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் லைசென்ஸ்காரர் கையெழுத்து வேணுமாம் அண்ணா, நீங்களும் கூட இருந்து பார்த்துக்குங்க" என்றால் அதில் பொய்யும் இல்லை, அவருக்குக் குறைச்சலும் இல்லை. மறுத்துவிட்டால், மற்ற வேலைகளுக்கு அவரை எப்போதும் போலக் கூப்பிடுங்கள். இந்த ஒரு லைனை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

7.2 கிலோவாட் உங்களுக்குத் தேவையா?

பள்ளிக்குப் போய்வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் தினமும் செலவாவது 6 யூனிட். அதை 3.3 கிலோவாட் வேகத்திலேயே இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். பெரிய பேட்டரியைக் காலியிலிருந்து ஒரே இரவில் நிரப்ப வேண்டியவர்களுக்குத்தான் 7.2 அவசியம். இலவசமாக வருகிறது என்பதற்காக அதை முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பல சார்ஜர்களில் மின்னோட்டத்தை 16 ஆம்பியருக்குக் குறைத்து அமைக்கலாம். வயரை மட்டும் 32 ஆம்பியருக்கு ஏற்றதாகவே போட்டுவிடுங்கள், சுவரை இரண்டாவது தடவை உடைக்க வேண்டாம். குறைந்த வேகத்தில் ஓட்டினால் வயர் சூடாவதும் வெகுவாகக் குறையும்.

மின்பளு விஷயத்தில் மூன்றாமவர் சொன்னது சரி. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலிருந்தே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்காக அனுமதிக்கப்பட்ட 5 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று ஆகிவிடாது. கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தையும் வைப்புத்தொகையையும் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டு ஆய்வில் தெரியவந்தால் மின்சாரச் சட்டத்தின் கீழ் அபராத மதிப்பீடு வரும். விபத்து ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பதும் இந்தத் தாள்களைத்தான். மின்வாகனத்துக்கென்று தனி இணைப்புக் கேட்கும் வழியும் இருக்கிறது. 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில் அதற்கு இடம் உண்டு. உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். இப்போதைய பயன்பாட்டோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் பில்லின் அடுக்கே மாறும். தனி இணைப்புக்கு என்ன கட்டண வகை போடுவார்கள் என்று உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேட்டு, இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காசு கொடுக்கும் முன்

இப்போது இருக்கும் தகவலை வைத்துச் சொன்னால், நான் மூன்றாமவர் பக்கம்தான் சாய்வேன். காரணம் அவர் அதிகம் கேட்டார் என்பது கிடையாது, பார்த்துவிட்டுக் கேட்டார் என்பதுதான். ஆனாலும் 41,000-ஐ அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம். வயர் எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்கொயர், எத்தனை மீட்டர், ஆர்சிசிபி என்ன வகை, எர்த் குழி எப்படிப்பட்டது, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதே பட்டியலை ஏஜென்சிக்கும் அனுப்பி, "இதே அளவில் செய்தால் எவ்வளவு, உங்கள் உரிம எண் என்ன" என்று கேளுங்கள். அப்போதுதான் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அவர்கள் ஆள் அனுப்பி, அளந்து, உரிமத்தையும் காட்டி, குறைவாகச் சொன்னால் அவர்களிடமே முழு வேலையையும் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். சோதனைத் தாள் கைக்கு வந்த பிறகு கொடுப்பதற்கென்று ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலையில் குறை இருந்து அவர் சரிசெய்ய மறுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் பில்லும் எழுத்து வடிவ விலைப்பட்டியலும் இல்லாமல் போனால் அந்த வழக்கு நிற்காது.

அடுத்த மாதம் வண்டி வருவதற்குள் ஈபி வேலை முடியாமல் போகலாம். அதற்காகப் பதறி, தற்காலிகமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஜன்னல் வழியாக வயர் விட்டுச் சார்ஜ் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். மின்வாகனத்துக்கு எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது என்பது அதே பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது, தீப்பிடிக்க எளிதான இடமும் அதுதான். கோவையில் பொது சார்ஜிங் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஓட்டத்துக்கு வாரம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை அங்கே போனால் சமாளித்துவிடலாம். மின்பளு விண்ணப்பத்தை நாளைக்கே போட்டுவிடுங்கள். மற்றவை அதன் பின்னால் வரிசையாக நடக்கட்டும்.